உப்பும் மாத்திரையும்: முதலமடை அடுப்படியிலிருந்து ஒரு மருந்து வரலாறு

முதலமடையைப் பற்றி எழுதுவோர் மாம்பழத்தில் தொடங்குவது வழக்கம். நாட்டின் மற்ற மாந்தோப்புகள் பூவும் பிஞ்சுமாக நிற்கும் காலத்திலேயே பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்து மலையடிவாரத்திலிருக்கும் இவ்வூரின் காய்கள் வடநாட்டுச் சந்தைகளுக்கு லாரியேறிவிடும். எனக்கு இன்று வேண்டியது பழம் இல்லை, வடு. கணவாய்க் காற்றில் உதிரும் பிஞ்சும் சந்தைக்குத் தேறாத காயும் கல்லுப்பு நீரில் இறங்கி, ஆண்டு முழுவதும் கஞ்சிக்கும் பழையசோற்றுக்கும் துணையாக நிற்கும். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் இந்த எல்லை ஊர்களில் உப்புமாங்காயும் கருவாடும் மோர்மிளகாயும் உழைப்பாளர் வீட்டு அன்றாட உணவு. அதே வீடுகளின் அடுப்படி மாடத்தில் இன்று அம்லோடிபின், டெல்மிசார்டன் அட்டைகளும் இருக்கின்றன. ஜாடிக்கும் அட்டைக்கும் இடையே ஒரு கை தூரம்தான்.

அந்த ஒரு கை தூரத்துக்குள் நடப்பதைப் பற்றி மருத்துவ உலகம் நூற்றிருபது ஆண்டுகளாகப் பேசி வருகிறது. பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அழுத்தத்தை இறக்கத் தரப்படும் மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பதையும் அதே உப்பு பெருமளவு தீர்மானிக்கிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இந்த இரண்டாவது செய்தி கண்டறியப்பட்ட கதையில் நம் மேற்குத்தொடர்ச்சி மலைச்சாரலில் விளையும் ஒரு வேருக்கும் இடமுண்டு.

கதையின் தொடக்கத்தில் மருந்தே இல்லை. 1904ஆம் ஆண்டு பாரிசில் அம்பார், போஜார் என்ற இரு மருத்துவர்கள் உணவில் உப்பைக் குறைத்தால் அழுத்தம் இறங்குவதையும் மீண்டும் கூட்டினால் ஏறுவதையும் குறித்து வைத்தார்கள். 1920களில் நியூயார்க்கில் பிரெடரிக் ஆலன் உப்பில்லா உணவை வற்புறுத்தினார். பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1944இல் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானியர், நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்தவர், தமது சோற்று வைத்தியத்தின் முடிவுகளை வெளியிட்டார். வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். மரணத்தின் வாசலில் இருந்தவர்களுக்கு அழுத்தம் இறங்கியது, விழித்திரையின் வீக்கம் வடிந்தது, இதயத்தின் பருமன் சுருங்கியது. சோறே உணவாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு முரண் தோன்றலாம். கெம்ப்னரின் நோயாளிகளைத் தேற்றியதில் பெரும்பங்கு சோற்றில் இல்லாத உப்பினுடையது. நம் வழக்கத்தில் உப்பை உள்ளே கொண்டுபோகும் வண்டியே சோறுதான். உப்பிட்ட குழம்பும் உப்பிட்ட மோரும் உப்பிலூறிய ஊறுகாயும் இல்லாமல் ஒரு தட்டுச் சோறு இறங்குமா?

கெம்ப்னரின் உணவை ஆண்டுக்கணக்கில் தின்று வாழ மனிதரால் ஆகாது. மாற்று கிழக்கிலிருந்து வந்தது.

டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் ‘சோவன்ன அமல்பொடி’ என்ற பெயரில் ஒரு சிறுசெடி படத்துடன் இடம்பெற்றிருக்கிறது. தமிழில் சிவன்அமல்பொடி என்றும் சர்ப்பகந்தி என்றும் அதற்குப் பெயர். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து ஈரக்காடுகளில் இயல்பாக வளர்வது. பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் அதன் வேரைக் கொடுப்பது நாட்டு வைத்தியத்தில் பழைய வழக்கம். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் பயன்படுவதை ஒரு மருத்துவ இதழில் அறிவித்தார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரின் சத்துகளைப் பிரித்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ஐம்பது நோயாளிகளிடம் கண்ட பயனை பிரிட்டன் நாட்டு இதய இதழில் எழுதியபோதுதான் மேலைநாடு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. இந்தியாவில் அவர் பெயரில் ஒரு தெருவையேனும் நான் பார்த்ததில்லை என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் உப்பு மீண்டும் மேடையேறுகிறது. ரெசர்பின் தொடக்கத்தில் அழுத்தத்தை இறக்கும். நாள்பட நாள்படச் சிலருக்கு அதன் பிடி தளரும். நரம்புகளைத் தளர்த்தும் மருந்து, இரத்தக் குழாயை விரிக்கும் ஹைட்ரலசின் போன்ற மருந்து, எதுவாயினும் இதே அனுபவம். உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டினார்கள். உண்மையில் பழகியது ஒன்றுமில்லை. அழுத்தம் குறைந்ததும் சிறுநீரகம் அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டதோ என்று கருதி, உண்ட உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு இருக்குமிடத்தில் நீர் தங்கும். குழாய்க்குள் நீர்மம் பெருகும். அழுத்தம் பழைய இடத்துக்கே வந்து சேரும். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்க, உப்பு அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஹாரியட் டஸ்டனும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து உண்போரின் அழுத்தம் குழாய்க்குள்ளிருக்கும் நீர்மத்தின் அளவைச் சார்ந்து நிற்பதைத் தெளிவாகக் காட்டியது. பழக்கம்போலத் தோன்றுகிற, ஆனால் பழக்கமல்லாத இந்நிலைக்கு மருத்துவர்கள் ‘போலிப் பழக்கம்’ என்ற பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

அதற்கு முன்பே கையில் ஒரு கருவி கிடைத்திருந்தது. 1958இல் குளோரோதயசைடு சந்தைக்கு வந்தது. சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் மாத்திரை. கெம்ப்னர் தட்டில் செய்ததை இம்மாத்திரை சிறுநீரகத்தில் செய்தது. தனியாகவும் பயன் தந்தது. ரெசர்பினோடு சேர்த்தபோது அதன் தளர்ந்த பிடியை மீண்டும் இறுக்கியது. 1967இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. மிகை அழுத்தமுள்ள 143 ஆண்கள். வெற்று மாத்திரை உண்டவர்களிடையே கடுமையான பாதிப்புகள் 27, மருந்து உண்டவர்களிடையே 2. உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் உயிர் காக்கலாம் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவிய முதல் சோதனை இது. அம்மருந்துக் கூட்டில் இருந்தவை மூன்று. ரெசர்பின், ஹைட்ரலசின், உப்பை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடு. ‘அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ்’ என்ற பெயரைச் சென்ற தலைமுறையினர் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஏறத்தாழ அதே கூட்டுத்தான் ஒரே மாத்திரையாக நம் மருந்துக் கடைகளில் பல்லாண்டுகள் விற்றது. மலபார்க் காட்டுச் செடியின் சத்தும் அதன் பலனைக் கெடுக்கும் உப்பை விரட்டும் சத்தும் ஒரே வில்லையில்.

வேர் முதுமையடைந்து ஒதுங்க, பாம்பு வந்தது. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரைரா 1965இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, 1981இல் காப்டோபிரில் மாத்திரையாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சர்ப்பகந்தி என்ற பெயர் கொண்ட செடிக்குப் பின் உண்மையான சர்ப்பம் வந்த பொருத்தத்தை எண்ணிச் சிரித்ததுண்டு. எனலாபிரில், ராமிபிரில் காப்டோபிரிலின் நேர் உறவு. லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை அதே பாதையை வேறோரிடத்தில் அடைப்பவை. உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து ஒரு சங்கிலியைத் தூண்டுகிறது. அச்சங்கிலியின் முடிவில் குழாய்கள் இறுகுகின்றன. இம்மருந்துகள் அந்தச் சங்கிலியை அறுக்கின்றன.

இதில் அடங்கியுள்ள விளைவை ஒருமுறை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். உணவில் உப்பு மிகுந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரெனின் சுரக்க வேண்டிய தேவையே குறைவு. சங்கிலி ஏற்கனவே தளர்ந்து கிடக்கிறது. தளர்ந்து கிடப்பதை அறுக்கும் மாத்திரைக்கு என்ன வேலை இருக்கும்? உப்பு குறைந்தால் உடல் அழுத்தத்தைக் காக்க அச்சங்கிலியையே பெரிதும் நம்பி நிற்கும். அப்போது அதே மாத்திரை, அதே அளவு, மிகுந்த பலன் தரும். உப்பை வெளியேற்றும் மாத்திரையைக் கூடச் சேர்த்தாலும் அப்படியே. அம்லோடிபின் வகை இதற்கு ஓரளவு விலக்கு. உப்பு மிகுந்த உணவிலும் அதன் பலன் பெரிதாகக் குறைவதில்லை. தயசைடு வகைக்கு வேறொரு தொல்லை. மாத்திரை வெளியேற்றும் உப்பை வாய் வழியே திருப்பி நிரப்பிக்கொண்டிருந்தால் பலன் மழுங்கும், கூடவே சிறுநீரில் பொட்டாசியம் இழப்பும் மிகும்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு? 2009இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிமெண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் பன்னிருவர் மட்டுமே. சராசரியாக மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை உண்டும் அழுத்தம் அடங்காதவர்கள். மருந்தில் கை வைக்காமல் ஒரு வாரம் உப்பு மிகுந்த உணவும் ஒரு வாரம் உப்பு குறைந்த உணவும் கொடுத்தார்கள். உப்பு குறைந்த வாரத்தில் மேல் அளவு 22.7 புள்ளியும் கீழ் அளவு 9.1 புள்ளியும் இறங்கி நின்றன. பன்னிருவரை வைத்து உலகை அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு புதிய மாத்திரையைச் சேர்த்தால் பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய இறக்கம் இதில் பாதிக்கும் குறைவு.

நம் மரபில் இதற்குப் பழகிய ஒரு சொல் உண்டு: பத்தியம். சித்த மருத்துவத்தில் சில மருந்துகளை உண்ணும் நாள்களில் உப்பையும் புளியையும் நீக்குவர், அல்லது உப்பை வறுத்துச் சேர்ப்பர். ‘அன்றே சொன்னார்கள் சித்தர்கள்’ என்று இதைப் பகிர்ந்துவிட வேண்டாம். இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வருமுன் அப்படியொரு நோயை யாரும் தனியே அறிந்திருக்க வழியில்லை. நான் சுட்ட விரும்புவது கருத்தமைப்பை மட்டும். பத்தியத்தில் உணவு மருந்தின் ஒரு பகுதி. பத்தியம் முறிந்தால் மருந்தும் முறியும் என்பது கொடுப்பவரும் உண்பவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. இன்றைய புறநோயாளிப் பிரிவில் ‘உப்பைக் குறைச்சுக்குங்க’ என்பது மருந்துச் சீட்டு கைமாறும்போது சொல்லப்படும் விடைபெறு வாக்கியமாகிவிட்டது. எந்த மாத்திரைக்கு, ஏன், எவ்வளவு என்ற விளக்கம் அதில் இல்லை. முதலமடைப் பக்கத்தில் பேசிய ஒரு மூதாட்டியின் சொல்லை அப்படியே தருகிறேன்: “மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு கண்ணு. பிரஷரு மட்டும் எறங்குற வழியக் காணோம்.” அவரிடம் யாரும் ஊறுகாய் ஜாடியைப் பற்றிக் கேட்டதில்லை.

கேட்டாலும் பதில் எளிதாக இருக்காது. உப்புநீரில் ஊறும் மாங்காய் கெடாதிருக்க நீரில் பத்து விழுக்காட்டளவு உப்பாவது வேண்டும். அக்கணக்கில் இருபது கிராம் மாங்காயில் இரண்டு கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் எல்லை ஐந்து கிராமுக்கும் குறைவு. சென்னையில் நடந்த ஒரு பெரிய நகர ஆய்வில் சராசரி உப்பு நுகர்வு 8.5 கிராம் என்று கண்டார்கள். அது நகரத்துக் கணக்கு. வெயிலில் காய் பறித்தும் கூடை சுமந்தும் வேலை செய்பவருக்குத் தொட்டுக்கொள்ள ஓர் ஊறுகாய்த் துண்டு தவிர வேறு காய்கறி இல்லாத வேளை எத்தனையோ. உப்பைக் குறை என்பது அவரளவில் கஞ்சியை வெறுமையாகக் குடி என்பதாகும்.

உப்பு இப்பகுதியில் வெறும் சுவையாக மட்டும் இருந்ததில்லை. 1923இல் ஆங்கில அரசு உப்பு வரியை மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக இரட்டித்து, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு இறக்கியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த அதே நாள்களில், கேளப்பன் கோழிக்கோட்டிலிருந்து பையனூருக்கு நடந்தார். அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவிய டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் பாலக்காட்டிலிருந்து இன்னோர் அணியை அழைத்துச் சென்றார். கடல் எட்டாத கணவாய் நாட்டிலிருந்து கடலுக்கு உப்பெடுக்க நடந்தார்கள். ஏழையின் கஞ்சிக்கு வரி போடக் கூடாது என்பதே அப்போராட்டத்தின் உயிர். வரியற்று மலிவாகக் கிடைத்த அதே உப்பு மூன்று தலைமுறைக்குள் ஏழையின் மாத்திரையை முறிக்கிறது. இதில் 1930இன் தியாகிகளைப் பழிக்க ஒன்றுமில்லை. உப்பு மலிந்தது. பருப்பும் காய்கறியும் பழமும் அவ்வளவு மலியவில்லை. மாங்காய் விளையும் ஊரிலேயே நல்ல பழம் வடக்கே போக, உதிர்ந்த வடு உப்புக்குள் போகிறது.

எல்லையும் தன் பங்குக்கு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் உருவானபின் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்கு இப்பால் ஒரு மாநிலம், அப்பால் ஒரு மாநிலம். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பறம்பிக்குளத்துப் பழங்குடிகள் தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டுமானால் டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் வாகனத்தில் வர முடியும். வேலைக்கும் உறவுக்கும் வைத்தியத்துக்கும் பொள்ளாச்சி போகிறவர்கள் பலர். ஒருபுறத்துச் சீட்டில் டெல்மிசார்டன், மறுபுறத்துச் சீட்டில் எனலாபிரில். இரண்டும் ஒரே சங்கிலியைத் தொடும் மாத்திரைகள் என்பது உண்பவருக்குத் தெரியாது. சேர்த்து உண்டால் சிறுநீரகத்துக்குக் கேடு வரலாம் என்பதும் தெரியாது. இரண்டாலும் இறங்காத அழுத்தத்துக்கு மூன்றாவதொன்று வரும். இருபுறத்துச் சீட்டிலும் உப்புக்கு ஒரு வரி இல்லை.

மாற்று உப்பு உண்டு. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்தது. 2021இல் வெளியான சீன ஆய்வு 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்தது. நால்வரில் மூன்று பங்கு வழக்கமான உப்பு, ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. பங்கேற்றவருள் பெரும்பாலோர் ஏற்கனவே அழுத்த மருந்து உண்டுவந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் வெளியான தெலங்கானா ஆய்வில், கிராமத்து நோயாளிகள் 502 பேரிடம் மூன்று மாதத்தில் மேல் அளவு 4.6 புள்ளி கூடுதலாக இறங்கியது.

நம் பக்கத்திலும் அது வந்ததுண்டு. 2014இல் தமிழ்நாடு அரசு வாலிநோக்கம் உப்பு நிறுவனத்தின் வழியே ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தபோது மூன்று வகைகள் இருந்தன. சாதாரண அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய். இரும்புச்சத்தும் சேர்த்தது 14 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். எதை வாங்கியிருப்பார்கள் என்று யூகிக்க ஆய்வு தேவையில்லை. மாத்திரையை இலவசமாகக் கொடுக்கும் அரசு அம்மாத்திரையைப் பலிக்கச் செய்யும் உப்பை இருமடங்கு விலைக்கு விற்றது. நியாயவிலைக் கடையில் அழுத்த நோயாளிகளுக்கு மட்டுமேனும் அதைச் சாதாரண உப்பின் விலைக்குக் கொடுப்பது மூன்றாவது மாத்திரையைவிடப் பெரிய செலவாக இருக்காது என்பது என் கணிப்பு.

ஓர் எச்சரிக்கை மட்டும் பாக்கி. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் உப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கக்கூடும். ஆகவே இதைப் படித்துவிட்டு நாளைக்கே கடைக்குப் போய் மாற்று உப்பு வாங்காதீர்கள். மருந்தையும் தாமாகக் குறைக்காதீர்கள். உப்பை நன்றாகக் குறைத்தவருக்கு அதே மாத்திரை முன்பைவிட வலுவாக வேலை செய்யும் என்பதால், வெயிலில் வியர்த்து வேலை செய்வோர்க்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எத்தனை பேருக்கு மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்கள், ஊறுகாய் ஜாடிக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கையும் எல்லைக்கு இருபுறத்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.